பிராது கட்டிய வீடு

என் வயதுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான முதல் வருடம் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள். ஆடி முடிந்ததும் அவள் திரும்பிப் போவாள். அதன் பிறகும் அவள் தாய்வீட்டிலேயே இருந்தால் தெருவில் யாரும் நேராக ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக நடப்பார்கள். எங்கள் வீட்டை ஆவணியிலிருந்து தை வரைக்கும் அப்படித்தான் தாண்டினார்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் வராது. படிப்பு பத்தாவதோடு நின்றது. எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனால் அந்த மாதங்களை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அப்பா இல்லை, அம்மா இல்லை, அக்காவும் இல்லை. நானும் சொல்லாமல் விட்டால் அது நடக்காததாகிவிடும் போல இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் கடைசி எங்களுடையது. அப்பாவுக்குச் சூளையில் வேலை. ஜாடி, கிண்ணம், டீ கப்பு எல்லாவற்றையும் உள்ளே அடுக்குவது, வெந்து ஆறிய பிறகு பிரித்து இறக்குவது. சாயங்காலம் வரும்போது புருவம் வரைக்கும் வெள்ளையாக இருப்பார். காது இல்லாத கப்பு, கோணிப்போன கிண்ணம், மூடி பொருந்தாத ஊறுகாய் ஜாடி, இவைதான் எங்கள் வீட்டுச் சாமான். சூளைக்குள் சாமான்களை வைக்கும் மண் பெட்டி ஒன்று விரிசல் விட்டுவிட்டது என்று கழித்துப் போட்டிருந்தார்கள். அதை அப்பா தோளில் தூக்கி வந்தார். எங்கள் கோழி அதில்தான் முட்டை வைத்தது. மழை பெய்தால் தெருவே வெள்ளைச் சேறு. எத்தனை கழுவினாலும் கால் விரல் இடுக்கில் அது காய்ந்து மாவு மாதிரி நிற்கும். பள்ளிக்கூடத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளைக் காலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அக்காவை வைகாசியில் வேப்பூரில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை ரோட்டோரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். ஆடிக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் போய் அக்காவை அழைத்து வந்தார்கள். வந்த அன்று அம்மா மாமியாரைப் பற்றிக் கேட்டதற்கு அக்கா, "நல்லவங்கதாம்மா. எதுவும் மொறையா நடக்கணும்பாங்க, அவ்ளோதான்" என்றாள்.

ஆவணி பிறந்தது. மாப்பிள்ளை வந்து கூட்டிப் போவார் என்று அம்மா தினமும் ஒரு ஆள் சோறு கூடுதலாக வடித்தாள். வேப்பூர் பஸ் வரும் நேரத்துக்கு முகம் கழுவி, நல்ல புடவையை மாற்றிக்கொண்டு நிற்பாள். பஸ் வந்து போன பிறகு மறுபடி பழைய புடவைக்கு மாறுவாள். கூடுதல் சோற்றை மறுநாள் காலையில் நான்தான் தின்றேன்.

"ஏங்க, ஒரு எட்டு போயி என்னா ஏதுன்னு கேட்டுட்டு வாங்களேன்" என்று அம்மா சொன்னாள்.

"பொண்ணக் குடுத்தவன் போயி வாசல்ல நிக்கிறதா? கட்டிக்கிட்டவன் வந்து கூட்டிக்கிட்டுப் போவணும். அதான் மொறை."

"வரலியே."

"வரலன்னா கேக்க வேண்டிய எடத்துல கேக்கறேன்."

கேட்க வேண்டிய இடம் என்று அப்பா சொன்னது மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அங்கே முருகனிடம் பிராது கட்டலாம். கோர்ட்டில் மனுக் கொடுப்பது போலத்தான். ஊர், பேர், குறை என்ன என்று காகிதத்தில் எழுதி, சாமி முன்னால் வைத்து வாங்கி, மடித்து நூல் சுற்றி வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். களவு போன மாட்டுக்கும் பிராது உண்டு, ஓடிப்போன பிள்ளைக்கும் உண்டு. காரியம் முடிந்ததும் திரும்பப் போய் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அது முக்கியம்.

அக்காவைக் கூட்டிப் போகவில்லை. பார்த்தவர்கள் கேட்பார்களே. துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அப்பா நடந்தே போனார். போகிற வழியெல்லாம், சொல்ல வேண்டியதைச் சன்னக் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். "எம் மருமவன் மனசு மாறி வந்து எம் பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போவணும்." திரும்பத் திரும்ப அதே வரி. எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

பிராது எழுதிக் கொடுப்பவர் முன்னால் ஒரு வரிசை நின்றது. எங்கள் முறை வருகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்னாய்யா, நீயும் கேஸு போட வந்துட்டியா? யாரு மேல?" திரும்பினால் அப்பாவின் மேஸ்திரி. பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்றிருந்தார். வேடிக்கையாகத்தான் கேட்டார். வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்தபடியே தோளில் இருந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க" என்றார் எழுதுபவர்.

அப்பா துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்கல்ல."

"எம் பொண்ணுக்கு ஒரு நல்ல வழி காட்டணும்" என்றார் அப்பா.

"அவ்ளோதானா? யாரு மேலயும் புகாரு இல்லியா?"

"இல்லீங்க."

எழுதுபவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணா?"

அப்பா "ம்" என்றார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டேன். விரல் இடுக்கில் வெள்ளை இருந்தது.

பிராதைக் கட்டிவிட்டுத் திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. வழியில் சொல்லிக்கொண்டு வந்த வரி வேறு, எழுதிக் கொடுத்த வரி வேறு என்று எனக்குத் தெரிந்திருந்தது. கேட்கப் பயம். அப்பாவே பாதி வழியில், "மனசுல இருக்கறது அவருக்குத் தெரியாதா? எல்லாத்தையும் எழுதியா காட்டணும்?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

அதிலிருந்து அப்பாவுக்கு ஒரு தெம்பு வந்தது. "கேஸு அங்க இருக்குது. அவரு பாத்துக்குவாரு" என்று எல்லோரிடமும் சொன்னார். நான்கு பேருக்குச் சொன்னால் நாற்பது பேருக்குத் தெரியாமல் போகுமா? குழாயடியில் நான் குடம் வைத்தால் பேச்சு நின்றது. வகுப்பில் ஒருத்தி, "ஒங்க அக்காவுக்குத் தீர்ப்பு ஆயிடிச்சா?" என்று கேட்டாள். சிரிக்காமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சிரித்துக் கேட்டிருந்தால் அவ்வளவு கூசியிருக்காது. நான் பென்சிலைச் சீவப் போவது போல எழுந்து வெளியே போய்விட்டேன்.

அக்கா அந்த நாட்களில் கோலத்தில்தான் இருந்தாள். விடிவதற்குள் வாசலைத் தெளித்துவிட்டு உட்கார்ந்தால் வெகுநேரம் எழமாட்டாள். புள்ளி வைக்கமாட்டாள். ஒரு கொடியை இழுத்தால் அது வளைந்து, பூத்து, இலை விட்டு, தெரு பாதி வரைக்கும் போகும். வேலைக்குப் போகிறவர்கள் மிதிக்காமல் ஓரம் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "சின்னதாப் போடுடி. நின்னு பாக்கறாங்க" என்பாள். அக்கா மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுவாள்.

அப்பா சாயங்காலம் குளித்துவிட்டு, காலண்டரில் இருந்து வெட்டி ஒட்டிய முருகன் படத்துக்கு முன்னால் மணியோடு உட்காருவார். அவர் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். உலக்கை இரவல் கேட்டு ஒருத்தி. பந்து உள்ளே விழுந்துவிட்டது என்று ஒரு பையன். எங்கள் கோழி அவர்கள் கீரையைக் கொத்திவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர். ஒவ்வொரு முறை கதவு தட்டும்போதும் அம்மா மாப்பிள்ளைதான் என்று எழுந்து தலையைத் தடவிக்கொள்வாள். அப்பா மணியை நிறுத்தாமல் ஒரு காதை வாசலில் வைத்திருப்பார். யார் என்று தெரிந்ததும் மணிச் சத்தம் பலமாகும்.

புரட்டாசியில் ஒருநாள் அப்படித் தட்டியது பீங்கான் கம்பெனியில் பூப்போடும் ரூமுக்குத் தலைவியாக இருந்த அம்மாள். கப்பிலும் தட்டிலும் பூ வரையும் பெண்களை மேய்ப்பது அவர் வேலை. தெருவில் பூப்போடற அம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். எப்போதும் வெள்ளைப் புடவை, கருப்புக் குடை. நகக்கண்ணில் நீலச் சாயம் போகாமல் இருக்கும்.

"வாசல்ல கோலம் போடறது யாருங்க?" என்று கேட்டார்.

"பெரிய பொண்ணுங்க" என்றாள் அம்மா.

"நெனச்சேன். தெனமும் நின்னு பாத்துட்டுத்தான் வேலைக்குப் போறேன். என் ரூமுல ரெண்டு பொண்ணுங்க கல்யாணமாயிப் போயிட்டாங்க. கப்பு அடுக்கடுக்கா நிக்குது. இந்தப் பொண்ண அனுப்புங்களேன். கைப்பழக்கம் தானா வந்துருக்குது, நான் பிரஷ்ஷு புடிக்க மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதும்."

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "யாரு அது, சாமி கும்புடற நேரத்துல?"

அம்மா சொன்னாள். அப்பா கையில் மணியோடு வாசலுக்கு வந்தார்.

"அவ இங்க இருக்கப்போறவ இல்லம்மா. இன்னைக்கோ நாளைக்கோ வூட்டுக்காரரு வந்துடுவாரு."

"வர்ற வரைக்கும் வரட்டுமே அண்ணே. சும்மா உக்காந்து வாசலப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு."

"வேலைக்கி அனுப்பிட்டு, அவரு வந்து நின்னா நான் என்னா பதில் சொல்றது? சாமிகிட்ட ஒப்படைச்சாச்சி. நடுவுல நாம கைய வெக்கக்கூடாது. வேற எடம் பாருங்க."

அந்த அம்மாள் வருத்தப்படவில்லை. "சரி அண்ணே, ஆண்டவரு பாத்துக்குவாரு" என்று குடையை விரித்துக்கொண்டு போனார்.

"அவுங்க ஆண்டவரு அவுங்களப் பாக்கட்டும்" என்று அப்பா உள்ளே போனார். எது வரைக்கும் சொன்னோம் என்று மறந்துபோய், பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்கட்டில் அக்கா சாம்பல் போட்டு ஒரு குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே தேய்த்து முடித்த குண்டான்.

ஐப்பசி வந்தது. தலை தீபாவளி. கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும். இதில் ஆளுக்கொரு முறை கிடையாது.

"இதுக்காவது போயி அழைச்சிட்டு வாங்க" என்று அம்மா கெஞ்சினாள்.

"கேஸு நடக்கும்போது ரெண்டு பக்கமும் வெளிய பேசிக்கிட்டா அது என்னா மரியாதை? குடுத்த எடத்துல நம்பிக்க இல்லன்னு ஆவாதா? அழைச்சிக்கிட்டு வரவேண்டியவரு அழைச்சிக்கிட்டு வருவாரு."

இந்தச் சட்டத்தை யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கோயிலில் யாரும் சொல்லவில்லை. நான் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தேன். இப்போது யோசித்தால், போய் நிற்கக் கூச்சப்பட்ட ஒரு மனிதர் அதற்கு ஒரு பக்தியைத் தேடிக்கொண்டார் என்று தோன்றுகிறது. ஆனால் அது பொய்ப் பக்தியும் இல்லை. அவர் முழுசாக நம்பினார். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்து, மூலையில் மஞ்சள் தடவித் தட்டில் வைத்தார். நம்பாதவர் அதைச் செய்வாரா?

தீபாவளி அன்று விடியலில் தூறல். தெரு முழுவதும் வெடிச்சத்தம். அம்மா எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். மிளகும் வெற்றிலையும் பொரிந்த வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அப்பா எங்களைக் குளிக்க விடவில்லை. "மாப்ள தலையில வெச்சிட்டுத்தான் மத்தவங்களுக்கு. முதல் பஸ்ஸுல வந்துடுவாரு" என்றார். முதல் பஸ் போனது. இரண்டாவது பஸ்ஸும் போனது. வெளிச்சம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் புதுப்புடவையில், தலையில் ஈரம் சொட்ட, பலகாரத் தட்டோடு வந்தார்கள். நாங்கள் பழந்துணியில், சீவாத தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி வாய் திறந்து ஏதோ கேட்கப் போனாள். இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் முகத்தை முழங்காலுக்குள் வைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் வாசலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவு தட்டியது.

அப்பா ஒரே பாய்ச்சலில் எழுந்தார். எண்ணெய்க் கிண்ணத்தையும் கையில் எடுத்துக்கொண்டார். "வாங்க மாப்ள" என்று சொல்லிக்கொண்டேதான் கதவைத் திறந்தார்.

பூப்போடற அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றிருந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா புள்ளைங்களப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன் அண்ணே. அப்புடியே அந்த வேல விசயமா ஒரு வார்த்த..."

"இன்னைக்குமா?" என்றார் அப்பா. "ஏம்மா, எந்நேரமும் நீங்களே வாசல்ல வந்து நின்னா, வரவேண்டியவங்க எப்புடிம்மா வருவாங்க?"

வெடிச்சத்தம் அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது. எதிர் வீட்டில் எல்லோரும் இங்கேயே பார்த்தார்கள். அந்த அம்மாள் பழத்தை வாசற்படி ஓரத்தில் வைத்துவிட்டுக் குடையை விரிக்கப் போனார்.

"இருங்கம்மா" என்று அக்கா எழுந்து வந்தாள். ஆவணியிலிருந்து அவள் வாசல்பக்கம் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவிடம் திரும்பினாள். "கோயில்ல என்னான்னு எழுதிக் குடுத்தீங்கப்பா?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"எல்லாரும் எழுதறதுதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ கூட இருந்தீல்ல பாப்பா. என்னா எழுதுனாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "ஒரு நல்ல வழி காட்டணும்னு" என்றேன்.

"அவரு வரணும்னு எழுதலியா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

அப்பா கிண்ணத்தைச் சாய்வாகப் பிடித்திருந்தார். எண்ணெய் விளிம்பில் வழிந்து அவர் கால் மேல் சொட்டியது. அவருக்குத் தெரியவில்லை. "மேஸ்திரி பின்னால நின்னாரு" என்றார், மிகவும் மெதுவாக. "அவரு புள்ளைங்கல்லாம் நின்னுதுங்க."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று அப்போது நினைத்தேன். கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கி நேராக வைத்தாள்.

"எப்பம்மா வரணும்?" என்று பூப்போடற அம்மாவிடம் கேட்டாள்.

"தீவாளி நோம்பு கழிஞ்சி வா. மொதல்ல போயி எண்ண வெச்சிக் குளி, மணி என்னா ஆவுது" என்றார் அவர்.

அப்பா மறுப்புச் சொல்லவில்லை. சம்மதமும் சொல்லவில்லை. அக்கா வேலைக்குப் போகத் தொடங்கியதும் அவர் அரைமணி முன்னாலேயே கிளம்பிவிடுவார், ஒன்றாக நடக்காமல் இருக்க. மாப்பிள்ளையின் வேட்டி மஞ்சளோடு பெட்டிக்குள் போனது.

அக்காவுக்குச் சோறு எடுத்துப் போகிற சாக்கில் நான் அந்த ரூமைப் பார்த்தேன். நீளப் பலகை. டர்ப்பன்டைன் வாசனை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, இடது கையில் கப்பைச் சுழற்றி வலது கையை அசைக்காமல் கோடு இழுத்தார்கள். விளிம்புக்கான தங்கச் சாயம் பூசும்போது வெல்லப் பாகு நிறத்தில் இருக்கும். இதுவா தங்கம் என்று நான் கேட்டதற்கு, "சூளையில வேவட்டும், அப்ப பாரு. ஒங்கப்பாதான் வேவ வெக்கிறாரு" என்று ஒரு பெண் சொல்லிச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். ஆடிக்குப் பிறகு அவள் பல்லை அன்றுதான் பார்த்தேன்.

உண்மைதான். அக்கா பூப்போட்ட கப்புகளையும் அப்பாதான் அடுக்கினார். கூட வேலை செய்தவர்கள், "இது ஒம் பொண்ணு போட்டதுய்யா" என்று எடுத்துக் காட்டுவார்களாம். அவர் பேசாமல் வாங்கி மற்றதோடு சேர்த்து வைப்பாராம். சாயங்காலப் பூசையை அவர் விடவில்லை. ஆனால் மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் எத்தினி நாளு" என்று மட்டும் கேட்பார். யாராவது கதவைத் தட்டினால் இப்போதெல்லாம் முகத்தைக்கூடத் திருப்புவதில்லை.

தையில், பொங்கல் கழிந்து, ஒரு மத்தியானம் மாப்பிள்ளை வந்தார்.

சூளை ஆறுவதற்காக மூடியிருந்ததால் அப்பா வீட்டில் இருந்தார். அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்பாவுக்குக் கையும் காலும் ஓடவில்லை. "பாத்தியா? சொன்னனா இல்லியா?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே பாயை விரித்தார். அக்காவைக் கூட்டி வர என்னை அனுப்பினார். நான் ஓடினேன். அக்கா கையில் இருந்த கப்பை முடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நாங்கள் வந்தபோது மாப்பிள்ளை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் என்னைப் போலக் கூச்சக்காரர் என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளங்கை ரேகையெல்லாம் டயர்க் கருப்பு.

"எங்க அம்மாவுக்கு ரொம்ப வருத்தங்க" என்றார். "ஆடி முடிஞ்சி பொண்ணக் கொண்டாந்து வுடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க."

"நாங்களா?" என்றார் அப்பா.

"எங்க பக்கம் பொண்ணு வூட்டுக்காரங்கதான கொண்டாந்து வுடுவாங்க? ஆவணி பொறந்ததும் அம்மா வூட்ட மொழுவி, கோலம் போட்டு, ஆளுங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிட்டாங்க. வரல. சரி, தல தீவாளிக்கி அழைக்க வருவீங்கல்ல, அப்பக் கேட்டுக்கலாம்னு இருந்தாங்க. அதுக்கும் யாரும் வரல. பொண்ண அனுப்ப இஷ்டமில்லபோலன்னு நெனச்சிக்கிட்டாங்க. இப்ப நான்தான் ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்னு வந்தேன்."

மூலையில் ஒரு சத்தம் வந்தது. அம்மா சிரிக்கிறாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். போக வேறு இடம் இல்லாததால் அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அத்தை பாத்துக்கிட்டு இருந்தாங்க சரி" என்றாள் அக்கா. "நீங்க?"

"நானும்தான்."

"இங்கயும் வேப்பூருக்கும் ஒரு பஸ்ஸு."

"ஆமாம்" என்றார் மாப்பிள்ளை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வேப்பூரிலும் ஒரு வீட்டைத் தெரு மெதுவாகத் தாண்டியிருக்கும் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் தோன்றியது. அங்கேயும் ஒரு தாய் வேறு ஏதோ ஒரு சாமியிடம் கேட்டிருப்பாள். இரண்டு பக்கமும் வாசலைப் பார்த்துக்கொண்டு, நடுவில் பஸ் தினமும் காலியாகப் போய் வந்திருக்கிறது.

"வரேன்" என்றாள் அக்கா. "ஆனா வேலைய வுட மாட்டேன். காலையில பஸ்ஸுல வந்து சாயங்காலம் திரும்பிடுவேன்."

"அம்மாவக் கேக்கணும்."

"கேளுங்க. நீங்களே நேராக் கேளுங்க. சாமியத் தூது வுட்டுக் கேக்காதீங்க."

வாசலில் அப்பாவின் முதுகு அசையவில்லை. ஆனால் அவர் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

மாமியார் எதிர்பார்த்த அளவுக்குக் கடுமையானவர் இல்லை. சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, பெண் வீட்டார் முறைப்படி கொண்டுவந்து விட வேண்டும். அப்பா தையிலேயே அக்காவைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் வேப்பூரில் விட்டுவிட்டு வந்தார். போகவும் வரவும் அரை நாள்கூட ஆகவில்லை. அக்கா பல வருடம் அந்தப் பஸ்ஸில் வந்து, கண் மங்கும் வரைக்கும் பூப்போட்டாள். தெருவும் எங்கள் வீட்டைச் சாதாரணமாகத் தாண்டத் தொடங்கியது.

பிராது மட்டும் பாக்கி இருந்தது.

"வாபஸ் வாங்கிட்டு வாங்க. அப்புடியே வுடக்கூடாது" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா இன்றைக்கு, நாளைக்கு என்றார். ஒருநாள் அவள் அழுத்திக் கேட்டபோது, "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?" என்றார். அவர் எல்லாப் பழியையும் சாமி மேல் போட்டு, எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். இப்போது படத்துக்கு முன்னால் உட்காருவதைக்கூட விட்டுவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரோரமாக நடந்தார். ஒரு ஆளைக் கடைத்தெருவில் பார்த்து ஒதுங்கிப் போவது போல இருந்தது.

மாசியில்தான் கிளம்பினார். மறுபடியும் துணைக்கு நான். வழியில் இந்தத் தடவை எதையும் சொல்லிப் பார்க்கவில்லை.

கோயிலில் அன்றைக்கும் வரிசை இருந்தது. அதே ஆளா வேறு ஆளா என்று எனக்கு நினைவில்லை, ஒருவர் பிராது பற்றிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா பிராது?"

"பொண்ணுக்கு ஒரு நல்ல வழி காட்டச் சொல்லிங்க."

"நெறவேறிச்சா?"

"ஆச்சிங்க."

"எப்ப ஆச்சி?"

சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். அப்பா அப்படியே நின்றுவிட்டார். நான் மனதுக்குள் தை என்று சொல்லிக்கொண்டேன். மாப்பிள்ளை வந்தது தையில்தான், அக்கா போனதும் தையில்தான். பதில் தெரிந்தும் அப்பா ஏன் நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பொரட்டாசியிலயே ஆயிடிச்சிங்க" என்றார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பொரட்டாசியிலயா? இப்ப மாசி நடக்குது. ஏன்யா இத்தினி நாளா வரல?"

வரிசையே எங்களைப் பார்த்தது. இந்த முறை அப்பா சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வந்தப்ப நான் சாமி கும்புட்டுக்கிட்டு இருந்தேங்க."